கோப்பித் தோட்டத்து மாப்பிள்ளை

எழுபதுகளின் கடைசியில், நெல் விதைத்து முடிந்த கையோடு, கண்டிப் பக்கத்து மலைக் கிராமமொன்றில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கடற்கரை ஊரான எங்கள் கல்முனையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். அது சட்டமல்ல, சட்டத்துக்கும் மேலே. ஆகவே நிக்காஹ் முடிந்து என் ஆட்கள் பஸ் ஏறியதும், சாரங்கள், சவரச் சாமான், ரேடியோ சகிதம் நான் அங்கேயே தங்கிவிட்டேன். இனி அதுதான் என் வீடு.

மாமாவுக்கு வீட்டைச் சுற்றிக் கோப்பித் தோட்டம். எனக்கோ கோப்பியைக் குடிக்க மட்டுந்தான் தெரியும். பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்கிற மாப்பிள்ளையை எங்கள் ஊர் எப்படிக் கதைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே இரண்டு பேரைக் கதைத்திருக்கிறேன். இந்தத் தொழிலைப் பிடிக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

மூன்றாம் நாள் காலை, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். வேளாண்மை வெட்டில் வளர்ந்தவன் நான். வயலில் ஒரு மூலையைத் தொட்டால் மறுமூலை வரை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் நிமிர வேண்டும். அதே நினைப்பில் ஒரு கொப்பைப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே உருவு. சிவப்பு, மஞ்சள், பச்சை, இலை, நாலைந்து முசுறு எறும்பு, எல்லாம் கூடைக்குள். மாமா ஒரு மரத்தில் பாதி முடிக்கவில்லை, நான் மூன்று மரங்களை மொட்டையடித்துவிட்டு அவரைப் பார்த்தேன். பாராட்டுக்காகத்தான்.

மாமா என் கூடைக்குள் கையைவிட்டுக் கிளறினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மருமகன், மரம் எங்கயும் ஓடாது. செவந்தத மட்டும் எடுங்க. பச்ச நிக்கட்டும், பத்து நாளையில திரும்பி வருவம்."

"ஒரே மரத்துக்கு எத்தின தரம் மாமா வாறது?"

"நாலஞ்சு தரம்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரே கொப்பில் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தும் ஒன்று பழுக்கும், மற்றது பழுக்காது என்றால் இது என்ன பயிர்? எங்கள் நெல்லுக்கு இருக்கிற ஒற்றுமை இதற்கு இல்லையே!

ஆனாலும் படித்தேன். பழத்தை இரண்டு விரலால் பிடித்து இலேசாகத் திருக வேண்டும். காம்பு கொப்பிலேயே நிற்க வேண்டும். அதையும் சேர்த்துப் பிய்த்தால் அடுத்த வருசம் அந்த இடத்தில் பூ வராதாம். பறித்ததைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளி எறிந்து, அடியில் தங்கியதைப் பாயில் பரப்பிக் காயவிட வேண்டும். ஒரு கிழமையில் கை பழகிவிட்டது.

மாமிதான் பழகவில்லை. என்னைக் கண்டாலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார். அந்த மூன்று மரங்களுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, இரண்டாந்தரம் சோறு கேட்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள், நான் பாயில் கோப்பியைக் கிளறிக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து குந்தினார்.

"கோவிக்கப்படாது மருமகன். மகள எப்ப கூட்டிப் போறீங்க? உம்மாக்காரி அழுதே முடியிறா."

"எங்க மாமா கூட்டிப் போற?"

"ஒங்கட ஊருக்குத்தான்."

"நான் இஞ்ச இருக்கத்தானே வந்தன்!"

மாமா வாயைப் பிளந்தார். அவர்கள் குடும்பத்தில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாளாம். கல்யாணம் பேசியபோது அவர்களும் இதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. உலகத்துக்கே தெரிந்ததை யார் போய்ப் பேசுவார்கள்?

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மாமி குசினியிலிருந்து ஓடிவந்து என் தலையைத் தடவினார். அதே வேகத்தில் அறைக்குள் போய், கட்டிவைத்திருந்த பெட்டியைத் திறந்து, மகளின் சாரிகளை அலுமாரிக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினார். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. அறை வாசலில் நின்று பெட்டி வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை வெட்கத்தில் "ஓ", "இல்ல" என்பதற்கு மேல் என்னோடு கதைக்காதவள், அன்றுதான் முழுதாக ஒன்று சொன்னாள்.

"நான் கடலப் பாத்ததே இல்ல. போறன் என்டு எல்லாரிட்டயும் சொல்லிட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் எங்கே இருப்பது என்று இரண்டு ஊர் வழக்கமும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அவளிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளைக் கட்டிய எனக்கும்தான்.

"மாமி," என்றேன், "அந்தச் சாரியள அப்பிடியே பெட்டிக்குள்ள வைங்க. முதல்ல இவ கடலப் பாக்கட்டும். மறுகா எங்க இருக்கிற எண்டு இவவே சொல்லட்டும்."