அவர்கள் வெட்டச் சொன்ன வரி

என் சுயவிபரக் கோவையைத் திருத்தாத ஆள் மன்னாரில் மிச்சம் இல்லை. நான் கேட்டுத் திருத்தியவர்களும் உண்டு, கேட்காமலே கைவைத்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் நல்ல மனம்தான். அந்த நல்ல மனத்தை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் வளர்ந்தவள். கைக்குழந்தையாகப் படகில் போனேன். பள்ளிக்கூடம் அங்கே, கல்லூரியும் அங்கே, பி.காம். படிப்பு முடிந்த பிறகு முகாமிலேயே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். அதோடு, ஊர் திரும்ப நினைத்த சனங்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தேன். இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தூதரகத்தில் எப்படிப் பதிவது, குடியுரிமைக்கு எந்தப் பத்திரம் முதலில் வேண்டும், இலங்கையில் பிறந்த தகப்பனின் பதிவு தொலைந்துபோயிருந்தால் யாருக்கு எழுதுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசியில் எங்கள் குடும்பத்தின் விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். மன்னாரில் எங்கள் சொந்தக் கிராமமான தாழ்வுபாட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அப்பா இங்கே மறுபடி கடலுக்குப் போனார். அவருடைய முழங்கால் எப்போதோ தேய்ந்துவிட்டது. படகு தள்ளிவிட்டு வந்த இரவுகளில் காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவர் கரையில் இருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே திட்டம் அதுதான்.

முதலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி எடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணனின் கணினியில் இருப்பது ஒரே ஒரு கோவை. வருகிற ஆளுக்கு ஏற்றபடி பேரை மாற்றுவார், மற்றதெல்லாம் பாதி மாறும், பாதி மாறாது. எனக்கு முன்னால் வந்த யாரோ கரப்பந்தாட்டக்காரர் போல. மாவட்ட மட்டத்தில் நான் கரப்பந்து ஆடியதாக வந்துவிட்டது.

"அண்ணா, நான் பந்தைத் தொட்டதே இல்லை."

"இருக்கட்டும் தங்கச்சி, நல்லாத்தானே இருக்கு."

அடுத்தது படிப்பு. சாதாரண தரம், அதுதான் ஓ.எல். பரீட்சை, எந்த வருஷம் என்று கேட்டார். நான் இலங்கைப் பரீட்சை எழுதவில்லை, இந்தியாவில் பத்தாம் வகுப்பு என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'லண்டன் ஓ.எல்.' என்று அடித்தார். வெளிநாட்டுச் சோதினை எண்டால் லண்டன்தானே என்று விளக்கமும் சொன்னார். லண்டன் எங்கே, எங்கள் முகாம் எங்கே!

உறவினர் அல்லாத இருவரின் பெயர் வேண்டும் என்பது கடைசிச் சிக்கல். தாழ்வுபாட்டில் எனக்கு உறவில்லாதவர்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமியும் கிராம அலுவலரும் மட்டும்தான். ஊரில் வேலை தேடுகிற அத்தனை பேருக்கும் அந்த இரண்டு பேரும்தான் சாட்சி. சுவாமியின் தொலைபேசி இலக்கத்தை அண்ணன் பார்க்காமலே அடித்தார்.

இந்தக் கோலத்தில் இருந்த கோவையைத் தூக்கிக்கொண்டுதான் நான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக நடத்தியது. சுயவிபரத்தை மேம்படுத்துவது எப்படி என்று வாசலில் பதாகை, பதாகையின் நிழலில் இரண்டு கழுதைகள். வகுப்பு எடுத்தவர் அந்த நிறுவனத்தின் மன்னார்க் கந்தோருக்கு, அதாவது கிளை அலுவலகத்துக்கு, அதிகாரி. சிவப்புப் பேனையோடு ஒவ்வொருவர் கதிரைக்கும் வந்தார். என் கோவையில் கரப்பந்தை வெட்டினார். லண்டனை வெட்டினார். விஷயம் தெரிந்த மனிதர் என்று நம்பிவிட்டேன். பிறகு பேனை, முகாமில் வகுப்பு எடுத்ததையும் விண்ணப்பம் நிரப்பியதையும் நான் சொல்லிப் போடுவித்த வரியில் போய் நின்றது.

"இதையும் எடுங்கோ."

"ஏன் சேர்?"

"முகாம் எண்டு கண்டால் வாசிக்கிற ஆள் பரிதாபப்படும். பரிதாபத்துக்கு ஆரும் வேலை தரமாட்டினம். படிச்சது இந்தியாவில எண்டு மட்டும் போடுங்கோ, எடுப்பா இருக்கும்."

"அப்ப அங்க நான் செய்த வேலை?"

"சம்பளம் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப அது வேலை இல்லைத்தானே. வெறுமையா விடவும் கூடாது. குடும்பப் பொறுப்பு எண்டு போடுங்கோ."

குடும்பப் பொறுப்பு! தண்ணீர் லொறிக்குக் குடம் வைத்துவிட்டு ஓடிவந்து வகுப்பு எடுத்தேன். கைரேகை வைக்கிற கிழவிகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கில் விண்ணப்பம் எழுதினேன். அதெல்லாம் இரண்டு சொல்லில் அடுப்படிக்குள் போய்விட்டது. வாதாடியிருப்பேன். ஆனால் அவர் அதிகாரி, நான் வேலை தேடுகிறவள். தலையாட்டினேன். கடைக்கார அண்ணன் திருத்தி அடித்துத் தந்தார். ஒரே பக்கம், நல்ல வெள்ளை, பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் அதே நிறுவனம் ஒரு வேலைக்கு விளம்பரம் போட்டது. இந்தியாவிலிருந்து திரும்பிவரும் குடும்பங்களுக்குப் பத்திரங்கள் எடுத்துக் கொடுக்க ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் வேண்டும். வாசித்ததும் அப்பாவிடம் காட்டினேன். "இது உனக்கெண்டே போட்டிருக்கிறாங்கள்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க மூன்று பேர். மேசையின் ஓரத்தில் இருந்தவர் அந்தச் சிவப்புப் பேனைக்காரர். நடுவில் இருந்த அம்மா என் வெள்ளைத்தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, திரும்பி வந்த சனத்தோட வேலை செய்த அனுபவம் ஏதும் இருக்கோ?"

"ஓம் மேடம். நானே திரும்பி வந்தனான். முகாமில இதே வேலைதான் செய்தனான்."

"இதில அப்பிடி ஒண்டும் இல்லையே. குடும்பப் பொறுப்பு எண்டுதான் கிடக்கு."

நான் ஓரத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் தன் பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சேர்தான் வகுப்பில அதை வெட்டச் சொன்னவர்" என்றேன்.

"அது எல்லாருக்கும் பொதுவாச் சொன்னது" என்றார் அவர், நிமிராமலே.

அந்த அம்மாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எழுதியிருக்கிறதுக்குத்தான் புள்ளி போடலாம் தங்கச்சி, விதி அப்படி என்றார். வேலை வேறொரு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்த கோபம் முழுவதும் அந்தப் பேனைமேல்தான். தலையாட்டிய என் கழுத்தின்மேலும் கொஞ்சம்.

கதை அதோடு முடிந்திருந்தால் ஆறியிருப்பேன். ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டு வாசல் படலையில் அந்த நிறுவனத்தின் வாகனம் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். பின்னால், இந்தியாவிலிருந்து திரும்பி அடம்பன் ஊரில் வந்து இறங்கியிருக்கும் ஒரு வயதான அம்மா, நெஞ்சோடு அணைத்த பொலித்தீன் பை நிறைய இந்தியப் பத்திரங்கள்.

"புதுசா வேலைக்கு எடுத்த பிள்ளைக்கு இதுகள் பிடிபடேல்லை தங்கச்சி. நீங்கள் முகாமில செய்தனீங்கள்தானே. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

"எனக்கு முகாமில குடும்பப் பொறுப்பு சேர்."

அவர் சிரித்தார். "பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை. பாக்கிறன். பாத்தனான் எண்டு உங்கட கந்தோர்க் கடிதத்தில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. என்ர கோவையில வைக்கிறன்."

சிரிப்பு நின்றது. "சம்பளம் இல்லாத வேலைக்குக் கடிதம் குடுக்க எங்களிட்ட இடமில்லை" என்றார்.

படலையைச் சாத்தியிருப்பேன். ஆனால் அந்த அம்மா வெயிலில் நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டேன். அதிகாரியைக் கூப்பிடவில்லை. அவர் வாகனத்துக்குள் ஏறி இருந்துகொண்டார். பத்திரங்களைப் பாயில் பரப்பிப் பார்த்தேன். பேரப்பிள்ளையின் பிறப்பைத் தூதரகத்தில் பதியாமல் வந்திருந்தார்கள், அவ்வளவுதான். செய்ய வேண்டியதை ஒழுங்குப்படி எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை எந்தக் கந்தோரில வேலை?"

நான் பத்திரங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தேன். மூலையில் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாதான் பதில் சொன்னார்.

"இன்னும் கிடைக்கேல்லை அம்மா."

மறுநாள் விடியக் காலையில், அந்தக் காலோடு, அவர் படகு தள்ளப் போனார்.