மூன்று கிளாம்பு

அம்மாவின் ஹாம் ரேடியோவை ஒழித்தது நான். எங்கள் வீட்டில் இன்று வரை யாரும் அதைச் சொன்னதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் யூனிட் ஒன்றில் வேலை. ஹாம் ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேச அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பழைய செட் ஒன்றையும் வாங்கி, காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் பேசுவாள். எந்தெந்த ஊரிலிருந்தோ பதில் வரும். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இங்கே மழை, அங்கே வெயில், உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அரைமணி நேரம் அம்மாவின் முகமே வேறாக இருக்கும்.

தெருவுக்கு அது பொறுக்கவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏண்டி, உங்கம்மா இன்னிக்கு எந்த ஊரு ஆம்பளகிட்ட பேசுனாங்க?"

குடம் வைத்திருந்த அத்தனை பேரும் சிரிப்பார்கள். அதே சிரிப்பு அப்பாவுக்கு டீக்கடையில் கிடைத்தது. அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்துவார். நான் அப்பா கட்சி. பன்னிரண்டு வயதில் எனக்கு அம்மாவை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

வீட்டின் பின்னால் முப்பதடி இரும்புக் குழாய்க் கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா. காற்றில் சாயாமல் இருக்க மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்டியிருந்தாள் அம்மா. ஒவ்வொரு கம்பியின் அடியிலும் அதை நட்டு போட்டு இறுக்கிப் பிடிக்கும் மூன்று கிளாம்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரீஸ் தடவி முடுக்குவாள்.

புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். பள்ளிக்கூடம் லீவு. அம்மா வேலைக்குப் போன பிறகு நான் ஸ்பேனரை எடுத்து, எங்கள் கிணற்றுப் பக்கத்துக் கம்பியின் மூன்று கிளாம்பையும் தளர்த்தினேன். எந்தப் பக்கம் தளர்த்துகிறோமோ அந்தப் பக்கம்தான் விழும் என்று நினைத்தேன். அங்கே வெறும் மண்தானே, விழுந்து ஒழியட்டும்.

மடச்சி. தளர்ந்த கம்பி பிடியை விட்டுவிடும். கம்பம் எதிர்ப்பக்கம் சாயும். அங்கே அத்தையின் ஓட்டு வீடு. அதற்குள் பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள், இருபது நாள் குழந்தையோடு.

மத்தியானமே யூனிட்டில் சொல்லிக்கொண்டு அம்மா வந்துவிட்டாள். புடவையில் பீங்கான் மாவு வெள்ளையாக அப்படியே இருந்தது. ஒவ்வொரு கம்பியாக அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் கிணற்றடியில் நின்றாள், குனிந்து பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"கையக் காட்டு."

காட்டினேன். கிரீஸ். அம்மா என் கையைப் பார்த்தாள், பிறகு அத்தை வீட்டுக் கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளைப் பார்த்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் என் கையை அழுத்தித் துடைத்தாள். வலித்தது. விளையாடிய அழுக்கு என்று நினைத்துக்கொண்டாள், தப்பித்தோம் என்று இருந்தேன்.

"ஓடு, அப்பாவக் கூட்டிகிட்டு வா. காத்து ஏறுறதுக்குள்ள கம்பத்த எறக்கணும்."

கிளாம்புகளை முடுக்கிவிட்டுத்தான் கம்பத்தில் கயிறு கட்டினாள். டீக்கடையிலிருந்து அப்பாவோடு இரண்டு பேர் வந்தார்கள். அம்மா சொல்லச் சொல்லக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கம்பத்தை எங்கள் மண்ணிலேயே படுக்க வைத்தார்கள். அத்தை மதிலோரம் நின்று பார்த்தாள்.

"எந்தக் காத்துக்கும் அசையாதுன்னியே? இப்ப என்னாச்சு?" என்றார் அப்பா.

"லூஸா இருந்துச்சுங்க. நாந்தான் சரியா முடுக்கல."

"அய்யோ, எம் பேரப்புள்ள தலையில வுழுந்திருந்தா?" என்று அத்தை கத்தினாள். "அன்னிக்கே சொன்னோம், கேட்டாங்களா?"

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "இனிமே இது ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

அம்மா என்னைக் கை காட்டியிருக்கலாம். மூன்று கிளாம்பும் ஒன்றுபோலத் தானாகத் தளராது என்றாவது சொல்லியிருக்கலாம். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள், நாலு பேர் முன்னால் தனக்கு நட்டு முடுக்கத் தெரியாது என்று ஒத்துக்கொண்டாள். கம்பம் பிறகு ஏறவேயில்லை.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. அம்மா ஸ்டே கம்பிகளைச் சுருட்டினாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "கெட்டியாப் புடி" என்றாள். பிடித்தேன். இனி குழாயடியில் யாரும் சிரிக்கமாட்டார்கள், அப்பாவும் கத்தமாட்டார். அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்து உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.