ஜெபசீலன் போட்ட சாட்சிக் கையெழுத்து

நான் காசிலிங்கம். பாளையங்கோட்டையில முப்பது வருசமா பத்திரம் எழுதுதேன். என்னைப் பத்திச் சொல்ல ஒரு மண்ணும் கெடையாது. ஞானப்பூவைப் பத்தித்தான் சொல்லணும்.

கல்யாணம் காட்சி இல்லாம சொந்த வீட்டுல தனியா இருந்த ரூபவதி டீச்சர் வாதத்துல விழுந்தப்ப, மெட்ராஸ்ல இருந்த அவிய அண்ணன் மகன் எட்டிக்கூடப் பாக்கல. பக்கத்து வீட்டு ஞானப்பூதான் வந்து நின்னா. பதினோரு வருசம் பீ மூத்திரம் அள்ளினா, குளிப்பாட்டினா, ஊட்டிவிட்டா. சம்பளம்னு பேச்செடுத்தாலே அவளுக்குக் கோவம் வந்துரும். வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு, புருசன் ஜெபசீலனோட டீச்சர் வீட்டுக்கே வந்துட்டா. "ஏட்டி, எனக்குப் பெறவு இந்த வீடு ஒனக்குத்தான்"னு டீச்சர் சொல்லாத நாளில்ல.

தொண்ணூத்தி மூணுல உயில் எழுத என்னைக் கூப்பிட்டாவ. சொத்து வாங்குதவ பக்கத்துல நின்னா பின்னால வம்பு வரும்னு ஞானப்பூவைக் கடைக்கு அனுப்பினேன். அம்புட்டு உசாராம் நான்! சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். எதுத்த வீட்டு ஹாஜா பாய் வந்தாரு. இன்னொரு ஆள் வரல. வேலைக்குக் கெளம்பின ஜெபசீலனை நிறுத்தி, "நீரே ஒரு கையெழுத்துப் போடும் வே"ன்னேன். "நான் போடலாமா அண்ணாச்சி?"ன்னு கேக்கத்தான் செஞ்சான் மனுசன். "சும்மா போடும்"ன்னேன். இந்துக்களுக்கு அப்படி எத்தனையோ எழுதியிருக்கேன், ஒரு கொறையும் வந்ததில்ல. டீச்சர் மாதிரி கிறிஸ்தவங்களுக்கு அதுல சட்டம் வேறன்னு இந்த மடப்பயலுக்குத் தெரியாது.

தொண்ணூத்தாறுல டீச்சர் கண்ணை மூடினாவ. அடக்கத்துக்கு வராத அண்ணன் மகன் கேஸ் போட வந்தான். கோர்ட்டுல அவன் வக்கீல் ஜெபசீலனைக் கேட்டது ஒரே கேள்வி.

"ஞானப்பூ உமக்கு யாரு?"

"எம் பொஞ்சாதி, ஐயா."

அம்புட்டுதான். உயில் நெசம், டீச்சர் கையெழுத்து நெசம். ஆனா சாட்சி போட்டவன் பொஞ்சாதிக்கு எழுதினது செல்லாதாம். வீடு அண்ணன் மகனுக்குப் போச்சு.

கோர்ட்டு வராந்தாவுல ஞானப்பூ அழல. புருசன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. "எவன் சொன்னான்னு கையெழுத்துப் போட்டிய? இப்ப எங்க போய் நிப்போம்? சொல்லுங்க!"

ஜெபசீலன் என்னை ஒரு தடவ பாத்தான். பெறவு, "எனக்கே தோணிச்சு, போட்டேன்"ன்னான்.

நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் தொறக்கல.

இப்ப ஒத்தை ரூம்ல வாடகைக்கு இருக்காவ. ஒரு வருசமா அவ புருசன்கிட்ட மொகங்கொடுத்துப் பேசுததில்ல. என்னை ரோட்டுல கண்டா மட்டும் நின்னு, "சொகமா இருக்கியளா அண்ணாச்சி?"ன்னு கேக்கா.