இனிதே நிறைவு பெற்றது

என் மனைவி ஜென்சிக்குக் கோபமே வராது. வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தனே கோபப்படுகிறேன். பெயர் பிலோமின்ராஜ், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். யூனியன்காரர்கள் வாசலில் போடும் கேட் மீட்டிங்கில் கையில் மைக் கிடைத்தால் விட மாட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். திட்ட வேண்டிய பிள்ளையைக்கூட "இங்க வாங்க தங்கம்" என்று கூப்பிடுகிற ரகம்.

அந்த நல்ல குணத்தைத்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வருஷக்கணக்காகக் கறந்தது.

'ஃபின்ச்' என்று ஒன்று. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முதலில் வருமே, மற்றதெல்லாம் அதன் மேல்தான் ஓடும், அந்த அடிப்படை மென்பொருள். இலவசம். ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். அதைத் தமிழில் கொண்டுவர ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்றார்கள். இவள் கையைத் தூக்கிவிட்டாள். அன்றிலிருந்து குழம்பு கொதிக்கும்போதும், விடைத்தாள் திருத்தின கையோடும், அவர்கள் அனுப்புகிற ஆங்கில வரிகளைத் தமிழாக்கிக்கொண்டே இருந்தாள். எந்த வரி திரையில் எங்கே வரும் என்றுகூட அவளுக்குச் சொல்ல மாட்டார்கள்.

"ஓசியில இப்படி உழைக்கிறியே, கிறுக்கா உனக்கு?" என்று கத்தியிருக்கிறேன்.

"நம்ம கமருக்கு உதவுதுல்ல, விடுங்க," என்பாள்.

ஜென்சிக்குத் தங்கச்சி மாதிரியான கமருன்னிசாவுக்கு ஸ்ரீரங்கம் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மேசை, பழைய லேப்டாப், ஒரு பிரிண்டர். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பாள். புருஷன் இறந்த பிறகு அந்த மேசைதான் சோறு போடுகிறது. தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஃபின்ச் முழுக்கத் தமிழில் இருந்ததால், ஜென்சி சொல்லிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இலவசப் பதிப்பை நிறுத்துகிறார்களாம், இனிமேல் பணம் கட்டுகிற பதிப்பு மட்டும்தானாம். சரி, தொலையட்டும். அடுத்ததைக் கேளுங்கள். ஜென்சி செய்த தமிழ் அத்தனையும் அந்தப் பணப் பதிப்பில் அப்படியே இருக்குமாம். புதிதாக வரும் வரிகளையும் அதே அன்போடு அவள் செய்து தர வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம்! எங்கள் ஒர்க்ஷாப்பில் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால் கேட்டிலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்போம்.

"அவங்களுக்கு என்ன கஷ்டமோ," என்றாள் இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கமருக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"அவ லேப்டாப்ல இருக்கிறது அது பாட்டுக்கு ஓடும்ங்க. புதுசா எதுவும் வராது, அவ்வளவுதான்."

அப்படித்தான் நம்பினாள். திங்கட்கிழமை காலையில் கமருன்னிசா போன் செய்தாள். "அக்கா, எதுவுமே திறக்கல. ஆளுங்க நிக்கிறாங்க. கொஞ்சம் வர முடியுமாக்கா?"

ஆளுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பைக்கில் போனோம். மேசைக்கு முன்னால், பட்டாவில் பெயர் மாற்ற ஜீயபுரத்திலிருந்து வந்த பொன்னுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கு விட்டா தாசில்தார் கேம்ப் போயிடுவாராம்மா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

லேப்டாப்பில் பணம் கட்டச் சொல்லி ஒரு பட்டன், அதற்கு மேல் ஒரு வரி. வேறொன்றும் இல்லை. கமருன்னிசா வாய்விட்டுப் படித்தாள்: "உங்கள் இலவசச் சேவை இனிதே நிறைவு பெற்றது. இதுவரை எங்களோடு இருந்தமைக்கு நன்றி." படித்துவிட்டுச் சிரித்தாள். "இம்புட்டு மரியாதையா வெளிய தள்றது யாருக்கா?"

ஜென்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கமரு."

"விளையாடாதீங்கக்கா."

"நான் எழுதினதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி அனுப்பினாங்க. எங்க வரும்னு தெரியல. 'முடிந்தது'ன்னு போட்டா படிக்கிறவங்களுக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருக்குமேன்னு இப்படிப் போட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட படுபாவிகளா! ரெண்டு வருஷத்துக்கு முன்பே கடையை மூட முடிவு பண்ணிவிட்டு, கமுக்கமாக இருந்துகொண்டு, அதற்குப் பிறகும் இவளிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

கமருன்னிசாவின் சிரிப்பு போய்விட்டது. "உங்க வாயாலயே என்னைய எந்திரிக்கச் சொல்ல வச்சிட்டாங்களேக்கா," என்றாள்.

ஜென்சி பையைக் கீழே வைத்தாள். கமருன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பொன்னுத்தாயின் மனுவைக் கையால் எழுதிக் கொடுத்தாள். பிறகு, "நாளைக்கு வேற இலவச சாஃப்ட்வேர் ஏத்தித் தரேன் கமரு. பாதி இங்கிலீஷ்ல இருக்கும். மீதிய நான் தமிழ்ல பண்றேன், அதுவரைக்கும் சாயங்காலம் நான் வந்து கூட உக்காந்துக்கிறேன்," என்றாள். கமருன்னிசா தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும்போது காவிரிப் பாலம் ஏறினோம். ஜென்சி பின்னாலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"என்னங்க, கேட் மீட்டிங்ல திட்டுவீங்களே, அதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிங்க எழுதுறது? அந்த மெயிலுக்குப் பதில் போடணும்."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து முதல்முறையாக இப்படி வந்தது.

"இங்கிலீஷ் எதுக்கு? தமிழ்லயே நல்லாத் திட்டி அனுப்பு. காசு குடுத்து ஆள் வச்சுப் படிச்சிக்கட்டும்," என்றேன்.