துட்டி கேட்கப் போன மூன்று பேர்

போன வாரம் என் காருக்குள் ஒரு சண்டை நடந்தது. பாளையங்கோட்டையில் ஆரம்பித்து சேரன்மகாதேவி வரை. சண்டை போட்டவர்கள் என் பெரியம்மாவும், என் மகள் யாழினியும். பெரியம்மாவுக்கு எழுபத்தாறு. யாழினிக்கு இருபத்து நான்கு. திட்டு வாங்கியது மட்டும், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நான்!

போன காரியமோ சண்டை போடுகிற காரியமில்லை. துட்டி கேட்கப் போனோம். துக்கம் விசாரிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

கோமதி என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது நான் ஊரில் இல்லை. பெங்களூரில், டெங்குவில் படுத்திருந்த யாழினிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளைத் தேற்றி ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அங்கே பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. கனடாவிலிருந்து வந்த கோமதியின் மகன், திரும்பிப் போகும்போது எனக்கு போன் பண்ணினான்.

"அம்மா இன்னும் அழவே இல்லை அத்தை. பேச்சும் கொறைஞ்சு போச்சு. நீங்க போனா அழுவாங்க. ஒரு தடவை போயிட்டு வாங்க."

இவ்வளவுதான் விஷயம். என் சிநேகிதியை அழ வைக்க வேண்டும். நான் தனியாகப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது?

"நானும் இன்னும் துட்டி கேக்கல. என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார் பெரியம்மா. "கோமதி அத்தையை நானும் பாக்கணும்" என்றாள் யாழினி. பெரியம்மா முன் சீட்டில். மகள் பின் சீட்டில், காதில் இயர்போனோடு.

மேலப்பாளையம் தாண்டவில்லை, பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, ஒம் மககிட்ட சொல்லி வையி. துட்டி வீட்டுல யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாவ. நாமளா உள்ள போயி உக்காரணும். பொறப்படுதப்ப போயிட்டு வாரேன்னு சொல்லப்பிடாது. பேசாம எந்திச்சு வந்துரணும்."

யாழினி பின் சீட்டில்தானே இருக்கிறாள்? நேராக அவளிடமே சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டார். எனக்குத்தான் சொல்வார். ஏனென்றால் குற்றம் பிள்ளையுடையது இல்லையாம், வளர்த்தவளுடையதாம்.

"அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? நீங்கள்லாம் காலேஜுக்குப் போனிய, வேலைக்குப் போனிய. வீட்டு மொறைய மட்டும் வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டிய."

பின்னாலிருந்து மகள்: "அம்மா, ஆச்சி பாவம். அவங்க காலம் அப்படி. நீ படிச்சவதானே? இதுக்கெல்லாம் நீயும் ஏன் தலையாட்டுறே? உங்க ஜெனரேஷனே இப்படித்தான். எதையும் நம்பவும் மாட்டீங்க, எதையும் விடவும் மாட்டீங்க."

கவனித்தீர்களா? கிழவியும் குமரியும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 'சின்னப் புள்ள' என்று அவர் மன்னிக்கிறார். 'பாவம்' என்று இவள் மன்னிக்கிறாள். ஒரு தலைமுறை தள்ளி உட்கார்ந்தால் எல்லாருக்கும் பாசம் பொங்குகிறது. அடுத்து இருப்பவர்களைக் கண்டால்தான் ஆகாது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. பெரியம்மாவின் ஆட்கள் என்றால் பிடிவாதம், மகளின் ஆட்கள் என்றால் செல்போன் என்று நானும் ரெண்டு சீட்டு எழுதி நெற்றியில் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

பத்தமடை வந்தபோது எனக்குத் தலைவலி வந்திருந்தது.

சேரன்மகாதேவியில் கோமதி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் அவள் கணவரின் படம், மாலை, விளக்கு. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோமதி. நிமிர்ந்து பார்த்தாள். முறைப்படி, வா என்று சொல்லவில்லை. முறைப்படி, நாங்களும் போய் உட்கார்ந்தோம்.

பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

கோமதி ஒப்பித்தாள். "காப்பி கேட்டாவ. போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள சாஞ்சிட்டாவ."

அழுகை இல்லை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இரண்டு வாக்கியம். அவள் பக்கம் நகர்ந்து உட்காரலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் யாழினி என் காதில்: "அதையே எத்தனை பேர்கிட்டம்மா சொல்ல வைப்பாங்க? ஆச்சியை நிறுத்தச் சொல்லு."

நான் அவளை முறைப்பதற்குள் பெரியம்மா இந்தக் காதில்: "அந்தப் புள்ளய போனை உள்ள வைக்கச் சொல்லு. படத்துக்கு முன்னால இருந்து என்னத்த நோண்டுதா?"

இவளைக் கண்ணால் அடக்கு, அவரைக் கையால் அமர்த்து... இப்படியே அரைமணி நேரம் போனது. பெரியம்மா எழுந்தார். சத்தம் காட்டாமல் வாசலுக்கு நடந்தார். நானும் நடந்தேன். கடைசியாக வந்த யாழினி, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"போயிட்டு வாரேன் அத்தை."

புரட்சியெல்லாம் இல்லை. வாய்ப் பழக்கம். பெரியம்மா திரும்பிப் பார்த்தார். அவளை இல்லை, என்னை!

கோமதி தலையைத் தூக்கினாள். "எப்ப வருவ?" என்று கேட்டாள்.

யாழினி, "வாரேன் அத்தை" என்று சிரித்துவிட்டு வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அதே பாட்டு. "இதுக்குத்தான் தலபாடா அடிச்சேன். பிள்ள வளத்திருக்கா பாரு" என்று பெரியம்மா. "அந்த ரெண்டு வரியைத் தவிர வாயே திறக்காதவங்க, நான் சொன்னதுக்கு அப்புறம்தானே ஒரு வார்த்தை பேசினாங்க? உன் ரூல்ஸ் என்னத்துக்கு ஆச்சு?" என்று மகள். என் ரூல்ஸாம்! நான் எப்போது போட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை யாழினி பெங்களூருக்கு ரயிலேறினாள். நேற்றுக் காலை கோமதியிடமிருந்து போன்.

"ஒம் மக வாரேன்னு சொல்லிட்டுப் போனாளே... இன்னும் காணலயே?"

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மகளைக் கூப்பிட்டேன். "ஐயோ, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேம்மா? வேணும்னா சாயங்காலம் வீடியோ கால் பண்றேன்" என்றாள். பெரியம்மாவிடம் சொன்னேன். "அதுக்குத்தாம்ட்டி அந்த வார்த்தையச் சொல்லப்பிடாதுங்கது. சொல்லிட்டா, இருக்கவ வாசலையேல்லா பாத்துக்கிட்டு இருப்பா" என்றார்.

இவர் சொல்வதும் சரி. கோமதியை வாய் திறக்க வைத்தது தான்தான் என்று மகள் சொன்னாளே, அதுவும் சரி. ரெண்டு பேரும் சரியாக இருப்பதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் உண்டா? சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தனியாக.

கோமதி வாசலிலேயே நின்றாள். "வா" என்றாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவ பெங்களூர் போயிட்டா" என்றேன். "நான் மட்டும்தான் வந்தேன்."

தலையை ஆட்டினாள். உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, வெகுநேரம். நானும் அழுதேன். காப்பி ஆறிப்போனது.

அழுது முடித்து மூஞ்சியைக் கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையேட்டி நீ. ஒம் பெரியம்மா மூஞ்சியையும் ஒம் மக மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருந்துட்டுப் போயிட்ட. வந்தவங்கள்ல நான் ஒன்னத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்?"

இதற்கு எந்தத் தலைமுறையைத் திட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.