முக்கால் வாய்ப்பாடு

இந்த ஊரில் பிள்ளைகள் நண்பகலில் பள்ளிக்கூடம் போகிறார்கள். சொந்த ஊரிலிருக்கும் என் அண்ணனுக்கு இதை எழுதியபோது, விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். கட்டடம் போதாததால் காலையில் பெரிய படிவங்கள், மதியம் சின்னப் படிவங்கள் என்று ஒரே வகுப்பறையில் மாறிமாறிப் படிக்கிறார்கள். என் மகள் மலர்விழி போன வருஷம் இரண்டாம் படிவம், நம் ஊர்க் கணக்கில் எட்டாவது. தின்ற சோறு நெஞ்சை விட்டு இறங்குமுன் வான்நீலப் பினபோரை மாட்டிக்கொண்டு, வெள்ளை பூசிய சப்பாத்தோடு உச்சி வெயிலில் பள்ளி வேனுக்கு நிற்பாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். மலாய் நாட்டுப் புக்கிட் ரம்பாய்க்கு நான் மருமகளாக வந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஊருக்குக் கம்பம், சாலைக்கு ஜாலான், சந்தைக்குப் பாசார் எல்லாம் என் வாயில் தானாக வருகின்றன. ஆனாலும் அந்த வேளையில் சீருடையில் ஒரு பிள்ளையைப் பார்த்தால், எதையோ மறந்துவிட்டதற்காக ஆசிரியர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பிள்ளை போலத்தான் இன்னும் எனக்குத் தெரிகிறது.

என் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஊர்ப்பெயர் வேண்டாம். சொன்னால் அடுத்த கேள்வி “எந்தத் தெரு?” என்றுதான் வரும். முதல் வகுப்பில் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிப்போனபோது வாத்தியார் என் பெயரைக் கேட்குமுன் தெருவைத்தான் கேட்டார். தெருவைச் சொன்னதும் சுவரோரம் உட்காரச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் பானையில் டம்ளரை விட்டு மொண்டு குடிப்பார்கள். எங்களுக்கு யாராவது மேலிருந்து ஊற்ற வேண்டும், நாங்கள் கை குவித்துக் குடிக்க வேண்டும். ஊற்ற ஆளுக்கு மனசில்லாவிட்டால் அன்றைக்குத் தாகம்தான். ஆனால் வாய்ப்பாட்டை அப்படி மறிக்க அவர்களால் முடியவில்லை. வகுப்பே சேர்ந்து கத்தும்போது அது சுவரோரத்துக் காதிலும் விழுந்துதானே ஆக வேண்டும்? கால், அரை, முக்கால் வாய்ப்பாடு வரை எனக்குத் தலைகீழாகத் தெரியும். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

என் வீட்டுக்காரரின் அப்பா அம்மா டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அவர் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். கல்யாணமாகி வந்த புதிதில் பாசாரில் மீன்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, “ஓராங் இண்டியா, யா?” என்று சிரித்தார். இந்தியக்காரியா என்று கேட்கிறார் என வீட்டுக்காரர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவுதான், அதற்கு மேல் கேள்வியே இல்லை! தெரு இல்லை, குளம் இல்லை, கிணறு இல்லை. கடல் தாண்டியதும் தெரு கரைந்துபோயிற்று என்று அன்றைக்கு அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “ரொம்பக் குதிக்காதே. இங்க கேள்வி வேற மாதிரி வரும்,” என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தில் இருந்தவளுக்கு அது எங்கே காதில் ஏறும்?

மலரைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் போட்டது என் பிடிவாதம். அங்கே ஆறு வருஷம் படித்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷம் மலாய் படித்துவிட்டுத்தான் முதல் படிவம் ஏற முடியும். அந்த வகுப்பில் இருந்து வருகிறவர்களை யோசிக்காமல், கெட்டிக்காரர்களுக்கு முதல் வகுப்பு, மற்றவர்களுக்குப் பின் வகுப்பு என்று ஒரே படிவத்தைப் பிரித்திருப்பதில் கடைசி வகுப்புகளில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மலரையும் போட்டார்கள். அவள் முட்டி மோதி இரண்டாம் படிவத்தில் நடு வகுப்புக்கு வந்தாள். ஆண்டிறுதிச் சோதனையில் நல்ல புள்ளி வாங்கினால் மூன்றாம் படிவத்தில் முதல் வகுப்பு. அங்கிருந்துதான் அறிவியல் பிரிவுக்கு வழி. மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. மலருக்குப் பொறியாளர் ஆக ஆசை. அவள் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை. “என் வேன்ல அவ ஏறக்கூடாது. அது போதும்,” என்பார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, அவர் வேனில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகளைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவர் அவர்.

பள்ளியைப் பற்றி மலர் அதிகம் பேச மாட்டாள். துணி தைத்துக்கொண்டிருக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் வைக்கும்போது துண்டு துண்டாக ஏதாவது விழும். வகுப்பில் யாருடைய பேனாவாவது காணாமல் போனால் முதலில் நம் பிள்ளைகளின் பையைத்தான் கவிழ்ப்பார்களாம். தேங்காய் எண்ணெய் வாடை என்று பின்னால் இருப்பவள் மேசையை நகர்த்திப் போட்டாளாம். பள்ளி வேனில் ஒரு பையன் தினமும் “கெலிங்” என்கிறானாம், நம்மவர்களைக் கேவலமாகச் சொல்லும் வார்த்தை அது. ஆசிரியர் ஒருவர், உன் அப்பா குடிப்பாரா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். என் வீட்டுக்காரர் தேநீரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இல்லை என்று மலர் சொன்னதற்கு, “பொய் சொல்லாதே,” என்று வகுப்பே சிரித்ததாம். ஓட்டப் பந்தயம் என்றால் மட்டும் முதலில் நம் பிள்ளைகளைத் தேடுவார்கள். காலில் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை தலையில் இல்லை.

ஆண்டிறுதிச் சோதனையில் மலர் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அந்த வகுப்பில் வேறு யாரும் வாங்கவில்லை. கணக்கு ஆசிரியர், இங்கே சொல்வதுபோல் கணக்குச் சிகு, தாளைக் கொடுக்காமல் அவளை எழுப்பி நிற்க வைத்தார். விடைகள் மட்டும் இருக்கின்றன, வழியைக் காணோமே, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். மனக்கணக்குப் போட்டேன் என்று மலர் சொன்னாள். பின்னங்களை மனசுக்குள்ளேயே போட நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தையல் மெஷின் ஓடும் தாளத்துக்கு முக்கால் வாய்ப்பாட்டைப் பாட்டுப்போல் சொல்லிக்கொண்டே வளர்ந்த பிள்ளை அவள். சிகு அதை நம்பவில்லை. பக்கத்து மேசை மெய் லிங்கைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள் என்று அவரே முடிவு கட்டினார். மெய் லிங் வாங்கியது தொண்ணூற்றிரண்டு. பார்த்து எழுதியவள் எப்படி எட்டுப் புள்ளி அதிகம் வாங்குவாள் என்று அந்த வகுப்பில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மெய் லிங்கும் இரண்டு மூன்று கணக்குக்கு வழி எழுதவில்லையாம். அவள் எழுதாவிட்டால் கெட்டிக்காரி, என் மகள் எழுதாவிட்டால் திருடி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்.

மறுநாள் நானும் வீட்டுக்காரரும் பள்ளிக்குப் போனோம். அவர் தீபாவளிச் சட்டையைப் போட்டிருந்தார். கோபக்காரர் ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்குச் சிகுவைப் பார்த்ததும் குழப்பமாகிவிட்டது. நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இந்தியப் பெற்றோர் பள்ளிப் பக்கமே வருவதில்லை, நீங்கள் வந்ததில் சந்தோஷம் என்றார். அவள்மேல் கோபமில்லை, “கசிஹான்” என்றார். பாவம், பரிதாபம் என்று அர்த்தம். கோபத்தோடு சண்டை போடலாம், பரிதாபத்தோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்குத் தெரிந்த மலாய் மீன் வாங்கவும் துணி அளவு கேட்கவும் போதும், நியாயம் கேட்கப் போதாது. அதனால் சட்டென்று வாயைத் திறந்து அவர் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தேன். “ஒரு முக்கால் முக்கால், இரு முக்கால் ஒன்றரை, மும்முக்கால் இரண்டேகால், நான்கு முக்கால் மூன்று...” சிகு மெதுவாகக் கையை உயர்த்தினார். வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். பிள்ளைக்காக உங்கள் மனைவி மந்திரம் சொல்கிறார் போலிருக்கிறது, அதெல்லாம் வேண்டாம், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாராம். வீட்டுக்காரர் தலையாட்டினார். எதையும் விளக்கவில்லை.

அந்த அறையில் நம்மவர் ஒருவரும் இருந்தார், பட்டணத்துத் தமிழ் ஆசிரியை. நான் சொன்னது அவருக்குப் புரிந்திருக்கும். தாள் திருத்துவதுபோல் குனிந்தவர் நிமிரவே இல்லை. வெளியே வந்ததும் பின்னால் வந்து, “மன்னிச்சிருங்கம்மா. நம்ம பிள்ளைங்களும் லேசுப்பட்டதுங்க இல்ல, எல்லாத்துக்கும் போய் நின்னா அப்புறம் எனக்கும் மரியாதை இருக்காது,” என்றார். எனக்கு அவர்மேல்தான் அதிக ஆத்திரம் வந்தது. வேனில் ஏறிய பிறகு வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, “சிஃபிர்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாய்ப்பாடுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். வாய் வரலடி. அந்த ரூம்புக்குள்ள போனா நான் இன்னும் தோட்டத்துப் பையன்தான்,” என்றார்.

அவ்வளவு பேச்சுக்கும் சிகுவிடம் கிடைத்தது ஒன்று. மலர் தனியாக இன்னொரு தாள் எழுதலாம், நல்ல புள்ளி வாங்கினால் முதல் வகுப்பு. எனக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து வழியெழுதப் பழக்கினேன். தெரிந்த வீட்டுக்குப் போக ஒவ்வொரு ஆளிடமும் நின்று வழி கேட்பது போலத்தான் அது இருந்தது. ஆனாலும் ஒரு படி விடாமல் எழுதினாள். பிழையே இல்லை. சோதனையன்று நெற்றியில் திருநீறு பூசினேன். வேன் வருமுன் அதை அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன்.

ஐம்பத்தெட்டு வாங்கியிருந்தாள். சிகு திட்டவில்லையாம். நான் அன்றைக்கே சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லையாம். இந்தப் புள்ளியும் மோசமில்லை என்று, முடிவு கேட்கப் போன வீட்டுக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். அவளை ஓட்டப் பந்தயத்தில் சேர்க்கச் சொன்னாராம்.

அன்று மாலை தாளில் என்னென்ன கேட்டிருந்தார்கள் என்று மலரைக் கேட்டேன். ஒவ்வொரு கணக்காகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் விடையையும் யோசிக்காமல் சொன்னாள். எல்லாமே சரி. என் கை மெஷின் சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

“தெரிஞ்சே தப்பா எழுதினியா?”

அவள் பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். “ஆபீஸ் ரூம்புல தனியா உக்கார வெச்சாங்கம்மா. காலைப் பிரிவு பிள்ளைங்கல்லாம் கண்ணாடி வழியா எட்டிப் பாத்துட்டுப் போச்சுங்க. திருடின பிள்ளையப் பாக்குற மாதிரி.”

“அதுக்காக? நூறு வாங்கிக் காட்டியிருந்தா அவங்க வாயை மூடியிருக்கலாம்ல?”

“மூட மாட்டாங்கம்மா. நூறு எடுத்தா, யாரு உனக்குத் தாளைக் காட்டினாங்கன்னு கேப்பாங்க. அடுத்த சோதனைக்கும் தனியா உக்கார வெப்பாங்க. அறுபது எடுத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க-லா. எல்லாரும் நல்லா பேசுறாங்க. சிகு இன்னைக்கு என்னைப் பாத்து சிரிச்சாரு.”

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. நான் அழுததைப் பார்த்து அவளும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுவரோரம் உட்கார்ந்த நாங்கள்கூடக் கத்திக் கத்தித்தானே படித்தோம். என் மகள் வாயையும் மூடிக்கொண்டு, தெரிந்ததையும் தெரியாததாக்கிக்கொண்டு, அதில் நிம்மதியும் கண்டுவிட்டாள். வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். அது அன்று காலையில்தான் கழுவிய வேன்.

எல்லாவற்றையும் அண்ணனுக்கு எழுதினேன். பிள்ளையை இங்கே அனுப்பிவிடு, நான் படிக்க வைக்கிறேன் என்று பதில் வந்தது. நாள் முழுக்க அந்த வரியிலேயே கிடந்தேன். அங்கே அனுப்பலாம். சேர்க்கும்போது தெருவைக் கேட்பார்கள். இப்போதெல்லாம் வாயால் கேட்பதில்லை, வேறு விதமாகத் தெரிந்துகொள்கிறார்கள் என்று அண்ணனே முன்பு எழுதியிருக்கிறார். என் மகளுக்கு அந்தத் தெருவின் பெயரே தெரியாது. நான் சொன்னதில்லை. இந்த நாடு எனக்குக் கொடுத்த ஒரே வரம் அதுதான், அதைக் கொண்டுபோய் நானே எப்படிக் கொட்டுவேன்? இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எனக்கு இரண்டு கரையும் காய்ந்துதான் கிடக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது மூன்றாவது கரை ஒன்று தெரிந்தால் சொல்லுங்கள்.

மலருக்கு முதல் வகுப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் படிவத்தில் மறுபடியும் நடு வகுப்புதான். புள்ளிகள் அறுபதுக்கு மேலும் போவதில்லை, கீழும் இறங்குவதில்லை. அவ்வளவு துல்லியமாக அறுபது வாங்க எவ்வளவு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நோன்புப் பெருநாளுக்கு முன் தங்கா பத்துவிலிருந்து ரொக்கியா மாச்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அத்தை திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்தார். வருஷா வருஷம் வருபவர், நல்ல மனுஷி, வரும்போதெல்லாம் மலருக்குக் கேக் கொண்டுவருவார். ஆறு சன்னல், சன்னலுக்கு இரண்டே முக்கால் மீட்டர் துணி. மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று அவர் மலரைப் பார்த்துத்தான் கேட்டார், படிக்கிற பிள்ளையாயிற்றே என்று. போன வருஷம் என்றால் கேள்வி முடியுமுன் விடை வந்திருக்கும். மலர் என்னைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். ஒரு தாளில் ஆறு எழுதினாள், பெருக்கல் குறி போட்டாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், விரல் விட்டு எண்ணினாள். அவள் புருவத்தைச் சுருக்கிய விதத்தைப் பார்த்து மாச்சிக்குக்கே பாவமாகிவிட்டது. “தா அப்பா, தா அப்பா, பெலான் பெலான்,” என்றார். பரவாயில்லை, மெதுவாகச் செய் என்று.

நான் அவர் கொண்டுவந்த துணியை மீட்டர் மீட்டராக மேசையில் மடித்து அளந்து, பதினாறரை வந்த இடத்தில் விரலை வைத்துவிட்டிருந்தேன். மாச்சிக் என்னைப் பார்த்தார். விடை என் நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால், எட்டாவது படித்த அம்மாவுக்குத் தெரிவது படிக்கிற மகளுக்குத் தெரியாதா என்று மலர் மாட்டிக்கொள்வாள். விரலை எடுக்காமல், எனக்கும் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, என் மகள் அங்கே வந்து சேரும்வரை காத்து நின்றேன்.