செல்வி காய்ச்சிய பால்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரி செல்வி என் தோழி. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவள். புதுத் தாமான் குடியிருப்பில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட்டாள்.

சந்தோஷமான செய்திதானே? அதற்குள் சிலிம் ரிவரிலிருந்து அவள் மாமா போன் பண்ணினார்.

“உன் தம்பியும் அவன் சம்சாரமும் ஜோடியா நின்னு பால் காய்ச்சட்டும். நீ ஒத்தையா அடுப்பு பத்த வெச்சா நான் வரமாட்டேன் லா.”

அப்பா இறந்த பிறகு, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் செல்வியை வளர்த்தவர் இந்த மாமாதான். அவர் வராமல் அவளுக்கு என்ன விழா? ஆனால் ஜோடியை நிறுத்திவிட்டால்... அப்புறம் அது யார் வீடு?

எனக்குப் பொறுமை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். நானாக இருந்தால் ‘வந்தா வாங்க, வராட்டி போங்க’ என்று போனை வைத்திருப்பேன். செல்வி சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“அடுப்ப நான்தான் பத்த வைப்பேன், மாமா. நீங்க வரலன்னா அழுவேன். ரெண்டையும் சொல்லிட்டேன்.”

அசந்துபோனேன். பிடிவாதம் பிடிக்க யாராலும் முடியும். பிடிவாதத்தை விடாமலே ‘நீங்க எனக்கு வேணும்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? நாமெல்லாம் ஒன்று, விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளுக்குள் பொருமுவோம். இல்லையென்றால் முறைத்துக்கொண்டு தனியாக நிற்போம் — அதற்குச் சுயமரியாதை என்று பெயரும் வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு காலை நல்ல நேரம் வந்தது. மாமா வரவில்லை. செல்வி வாசலை ஒருமுறை பார்த்தாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கியது. எல்லோரும் கை தட்டினோம்.

குடித்து முடிக்கும் நேரத்தில் கேட் பக்கம் ஒரு பழைய கார் வந்து நின்றது. மாமா இறங்கினார், ஆனால் உள்ளே வரவில்லை. தம்பி ஓடிப்போய்க் கூப்பிட்டான்.

“இங்கயே இருக்கேன், போதும்.”

செல்வி வாதாடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் பாலோடு கேட்டுக்குப் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

மாமா ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“சீனியே பத்தல. டப்பா எங்க வெச்சிருக்க?”

“அடுப்பு பக்கத்துல, மாமா.”

சிலிப்பரைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார்.

அதே பாலைத்தான் நானும் குடித்தேன்... சீனி சரியாகத்தான் இருந்தது.